மாப்பிள்ளை வண்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு பஸ் பேசியிருப்பதாகவும், நம் குப்பத்து ஜனம் மொத்தமும் அதிலேயே திருக்கழுக்குன்றம் போய்விடலாம் என்றும், மாப்பிள்ளை அழைப்புக்குக் காரெல்லாம் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில், 'நைனா அன்னைக்காவது வண்டி ஓட்டாம நிம்மதியா வரட்டும்' என்று ஒரு வரி. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமல், "புள்ள எவ்ளோ நாசூக்கா சொல்லிகீறான் பாரு" என்றாள். இந்தக் கரையில் பன்னிரண்டு வருஷமாக எந்த மாப்பிள்ளை ஊர்வலம் போனாலும் என் கறுப்பு வண்டியில்தான் போயிருக்கிறது. மாலை போட்ட எத்தனையோ பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னால் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் சொந்தப் பிள்ளைக்கு அந்த வண்டி வேண்டாம். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தபோது, அதில் நீ கேட்காத ஒரு கேள்வி இருப்பது தெரிந்தது. அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளமாகப் போகும். டிக்கெட் கிழிக்கிற இடைவேளையில் படிக்காதே. டெப்போவில் தனியாக உட்கார்ந்து படி.

நீ என் வண்டியில் ஏறி ஆறு வருஷமாகிறது. நீ வாயால் ஒன்றும் சொன்னதில்லை. பொங்கலுக்கு வந்தாலும் பஸ், காய்ச்சலோடு வந்தாலும் பஸ். ஒரு தடவை செங்கல்பட்டில் சவாரி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது நீ ஸ்டாப்பில் பையோடு நின்றாய். வண்டியை ஓரம் கட்டினேன். "நீ போ நைனா, பஸ் வந்துகினே கீது" என்று கையைக் காட்டினாய். நான் கொஞ்ச தூரம் போய், புளியமரத்து மறைவில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. வெயிலில் நின்றாயே தவிர என் வண்டிப் பக்கம் திரும்பவில்லை. பையனுக்கு ரொம்பத்தான் வீம்பு என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னேன். வீம்பு யாருக்கு என்று இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன்னால் தண்ணீர்க் கதை. நம் குப்பத்துக் கிணறு உனக்குத் தெரியும். வீட்டை விட்டு இறங்கினால் இருபது தப்படி. ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் சவுக்குத் தோப்பைத் தாண்டி, மணலில் கால் புதையப் புதைய ஒரு மைல் போக வேண்டும். அம்மா விடிவதற்குள் இரண்டு நடை நடந்து வீட்டுக்கு இரண்டு குடம் கொண்டுவருவாள். நான் கார் வாங்கிய பிறகு அது மூன்று நடையானது. மூன்றாவது குடம் வண்டிக்கு. அது என் யோசனையல்ல, ஏழுமலையின் கட்டளை. ரேடியேட்டருக்குப் பற்றவைக்கிற ஏழுமலையை நீ மறந்திருக்க மாட்டாய். செவ்வாய்க்கிழமைதோறும் செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஊது விளக்கோடு மாமல்லபுரம் டாக்ஸி ஸ்டாண்டுக்கு வருவாரே, நீ அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு ஈயம் உருகுவதைப் பார்ப்பாயே, அவர்தான். வண்டி வாங்கிய முதல் வாரமே பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, "அண்ணாத்த, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். குப்பத்துக் கெணத்துத் தண்ணிய மட்டும் இதுல ஊத்திடாத. இதுக்கு அது வெசம். மத்ததுல்லாம் நான் பாத்துக்குறேன்" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுநாளே மூன்றாவது குடத்தைத் தூக்கிவிட்டாள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

அந்தக் குடத்தை நான் என்ன செய்தேன் என்பதுதான் விஷயம். கடல் காற்றில் நிற்கிற வண்டி சாயங்காலத்துக்குள் பிசுபிசுவென்று ஆகிவிடும். குப்பத்துக் கிணற்றுத் தண்ணீரில் துடைத்தால் காய்ந்ததும் கறுப்புப் பெயிண்டில் வெள்ளை பூத்துவிடும். கல் ரதம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் ஸ்டாண்டில் வரிசையாக நிற்கிற வண்டிகளில் எது பளபளக்கிறதோ அதைத்தான் கை காட்டுவார்கள். அதனால் நல்ல தண்ணீர்க் குடத்தில் துணியை நனைத்து வண்டியை மேலே துடைத்தேன். குடம் காலியான பிறகு, குப்பத்துக் கிணற்றிலிருந்து ஒரு பக்கெட் சேந்தி உள்ளே ஊற்றினேன். வெளியே நல்ல தண்ணீர், உள்ளே உப்புத் தண்ணீர். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்காக. உள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஸ்டாண்டில் என் வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வார்கள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மூன்றாம் வருஷம் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஏழுமலை பார்த்தார், இரண்டு இடத்தில் பற்றவைத்தார். அப்புறம் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து ரேடியேட்டர் பக்கத்தில் கம்பி போட்டுக் கட்டினார். ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் பாட்டிலுக்குள் இறங்கும். வண்டி சூடானால் உள்ளே இருக்கிற தண்ணீர் பெருகும். பெருகியது வீணாகத் தரையில் கொட்டாமல் பாட்டிலுக்கு வரும். வண்டி ஆறியதும் உள்ளே அதே தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பாட்டிலில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். கோட்டைப் பார்த்தே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். "வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா, குளுக்கோஸ் ஏத்திகினு கீறீங்க?" என்று சவாரிக்காரர்கள் கேலி செய்வார்கள். நீயும்தான் சிரித்தாய். எனக்குக் கண்ணுக்குத் தெரிய இரண்டு சாட்சி கிடைத்தன. ஒன்று பாட்டில் கோடு, இன்னொன்று டாஷ்போர்டில் சூடு காட்டுகிற முள். இரண்டும் ஒழுங்காக இருந்தால் வண்டி ஒழுங்காக இருக்கிறது. அப்புறம் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதை விட்டேன். கோடு இறங்கினால் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலிலேயே ஊற்றிவிடுவேன்.

இனி அந்த நாள். எழுபத்து மூன்றாம் வருஷம், பெட்ரோல் விலை ஏறப்போகிறது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த சமயம். உனக்குச் செங்கல்பட்டில் ஆசிரியர் பயிற்சிக்கு நேர்காணல். காலை ஒன்பதரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நம் குடும்பத்தில் அதுவரை கடலுக்குப் போனவர்கள் உண்டு, மீன் கூடை தூக்கியவர்கள் உண்டு, ஸ்டீயரிங் பிடித்தவன் நான் ஒருவன். சாக்பீஸ் பிடிக்கப் போகிறவன் நீ. ஆறு மணி பஸ்ஸில் போய்விடுகிறேன் என்றாய். நான்தான் விடவில்லை. என் பிள்ளை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதா, வாசல் வரைக்கும் காரில் போய் இறங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அம்மா அன்று குடத்தை வண்டிக்குப் பக்கத்தில் இறக்கிவைத்து, "புள்ள போற வண்டி. உள்ள ஊத்து" என்று சொன்னாள். அதுவரை அவள் அப்படிச் சொன்னதே இல்லை. நான் தலையாட்டினேன். அவள் அந்தப் பக்கம் போனதும் வழக்கம்போல மேலே துடைத்தேன். அன்றைக்கு இன்னும் அழுத்தித் துடைத்தேன். பயிற்சிப் பள்ளி வாசலில் வண்டி கண்ணாடி மாதிரி நிற்க வேண்டும் என்று ஆசை. பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் சூட்டோடு பார்த்தபோதும் அதே கோடு. அதனால் உள்ளே ஒன்றுமே ஊற்றவில்லை.

அந்த இடத்தை நன்றாகப் படித்துக்கொள், சேகர். சூடாக இருக்கும்போதும் கோடு, ஆறிய பிறகும் அதே கோடு. ஏறி இறங்க வேண்டிய தண்ணீர் அசையாமல் நின்றது. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ரேடியேட்டர் மூடிக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வால்வு இருக்கிறது. ஆறும்போது அதுதான் திறந்து பாட்டில் தண்ணீரை உள்ளே விடும். உப்பு அதை அடைத்துவிட்டிருந்தது. தண்ணீர் வெளியே போகும், திரும்பி வராது. ரேடியேட்டர் அடியில் வேறு பொடி ஓட்டைகளாகக் கசிந்துகொண்டிருந்தது. பாட்டில் நிறைந்திருக்க, உள்ளே வற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

திருக்கழுக்குன்றம் தாண்டியபோது முள் மேலே ஏறியது. பிறகு மளமளவென்று கீழே விழுந்தது. மடியில் சர்டிபிகேட் பைலை வைத்துக்கொண்டு, புதுச் சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த நீதான் அதை முதலில் பார்த்தாய்.

"நைனா, முள்ளு ஒரேயடியா எறங்கிட்ச்சி."

"நல்லதுதான. ஜில்லுனு ஓடுது வண்டி."

"இல்ல நைனா, இன்னாவோ தீயற வாசன வருது."

"வெளிய எவனாவது குப்பய கொளுத்துவான்."

"சித்த நிறுத்திப் பாரு நைனா."

"ஓட்றது நானா நீயா?"

முள் ஏன் விழுந்தது என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்த முள்ளுக்குச் சேதி சொல்கிற குமிழ் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். தண்ணீர் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் அது காற்றில் தொங்கும். தண்ணீரின் சூடு அதற்குத் தெரியாது. எஞ்சின் வெந்துகொண்டிருக்கும், முள் குளிர்ச்சி என்று சொல்லும். ஏறுகிற முள்ளைப் பார்த்தால் எந்த டிரைவரும் பயப்படுவான். விழுகிற முள்ளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவன் நான்.

ஏரிக்கரை ஓரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே எஞ்சின் ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. ஸ்டாப்பில் கீரைக் கூடையோடு ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பானெட்டைத் தொட முடியவில்லை, அவ்வளவு கொதி. நீ கீழே இறங்கி, சத்தம் போடாமல்தான், "நான் சொன்னேன்ல நைனா" என்றாய். நான் அடித்துவிட்டேன். கன்னத்தில், அத்தனை பேர் பார்க்க, பதினேழு வயசுப் பிள்ளையை. பைல் கீழே விழுந்தது. ஒவ்வொரு தாளாகப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, அடுக்கினாய். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. செங்கல்பட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தாய். பிறகு ஓடினாய். வெள்ளைச் சட்டை வளைவில் திரும்புகிறவரை நான் அப்படியே நின்றேன். ஓடி வந்து உன் தோளைப் பிடித்திருக்கலாம். பின்னால் வந்த லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி உன்னை ஏற்றியிருக்கலாம். வண்டியை விட்டு வர மனசு வரவில்லை. நீ போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். உன் பெயரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்த பெயருக்கு இடத்தைக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அடித்தது தப்பு. ஆறு வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்பது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதைக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அது உனக்கு இன்றுவரை தெரியாது.

நீ போன பிறகு, வண்டி ஆறியதும், துணியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். விரலை விட்டேன். தண்ணீர் இல்லை. விரல் வெளியே வந்தபோது சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தேன். எல்லோரும் சூழ்ந்துகொண்டு, "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்றார்கள். நான் வாயைத் திறந்து, "ஏழுமலை வச்ச பாட்டில்தான். அவன் பத்தவச்ச லட்சணம். என் புள்ள வாழ்க்கையே போச்சு" என்றேன். உப்புத் தண்ணீர் என் கை ஊற்றியது என்று சொல்ல நாக்கு வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழுமலை ஊது விளக்கோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். ஒன்பது வண்டி நின்றது. ஒருவரும் பானெட்டைத் திறக்கவில்லை. அவர் நேராக என்னிடம் வந்து, எல்லோர் முன்னாலும், "அண்ணாத்த, நல்ல தண்ணிதான ஊத்துன?" என்று கேட்டார். நான் அவர் கண்ணைப் பார்த்து, "ஆமா" என்றேன். விளக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு திரும்பிப் போய் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். அதற்கப்புறம் ஸ்டாண்டுப் பக்கம் வரவில்லை. செங்கல்பட்டு டாக்ஸிக்காரர்கள் காதுக்கும் சேதி போய், அங்கேயும் அவரிடம் வண்டி விடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாளே நான் திருந்தியிருப்பேன் என்று நினைக்காதே. எஞ்சினை வேறு ஆளிடம் கொடுத்துச் சரி செய்தேன். ஆனால் நல்ல தண்ணீரை உள்ளே ஊற்ற ஆரம்பித்தால், நான் சொன்னது பொய் என்று நானே ஒப்புக்கொண்டதுபோல ஆகிவிடும் என்று ஒரு கிறுக்குப் பிடிவாதம். மேலே துடைப்பதை நிறுத்தவில்லை. டிக்கியில் ஒரு தகர டின் நிறைய உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஐந்து மைலுக்கு ஒரு தரம் நிறுத்தி ஊற்றி ஊற்றியே ஆறு வருஷம் ஓட்டினேன். பேஜாருதான். ஆனால் பொய்யைச் சொன்னவன் அந்தப் பொய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் வந்த நாலாம் நாள் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், பம்பு ஸ்டவ் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார் ஏழுமலை. ரேடியேட்டரைக் காதால் கேட்டே எந்தக் குழாயில் கசிகிறது என்று சொல்கிறவர், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னா அண்ணாத்த, ஸ்டவ் எத்துனு வந்தியா?" என்றார். இல்லை, வண்டி என்றேன். கையிலிருந்த ஸ்டவ்வை முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். ரேடியேட்டரைக் கழற்றி, விளக்கால் சூடு காட்டி மேல் தொட்டியைப் பெயர்த்து எடுத்தார். உள்ளே முக்கால்வாசிக் குழாய் வெள்ளையாக அடைத்துப்போயிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "வா, நீயும் நக்கிப் பாரு" என்றார். நானும் வைத்தேன்.

"இன்னா ருசி?"

"உப்பு."

"கடல உள்ள வச்சிகினு ஓட்டினு இருந்துகீற அண்ணாத்த."

"தெரியும் ஏழுமலை. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சிதான் உன் பேரச் சொன்னேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் கம்பியை எடுத்து ஒவ்வொரு குழாயாகக் குத்த ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழித்து, "இங்க வந்து எங்கிட்ட சொல்லி இன்னா பண்றது? எங்க சொன்னியோ அங்க சொல்லு" என்றார். சொல்கிறேன் என்றேன். எப்போது என்றார். செவ்வாய்க்கிழமை, முதல் பஸ்ஸுக்கு வா என்றேன்.

வந்தார். நேற்றுக் காலை. ஸ்டாண்டில் பழைய ஆட்கள் ஐந்து பேர், புதுசாக வந்தவர்கள் நாலு பேர். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, குடத்திலிருந்து ஆரம்பித்து அந்த 'ஆமா' வரைக்கும் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. ஒருவன், "இத்தினி வருசம் கழிச்சி இன்னாத்துக்கு அண்ணாத்த இத்த கெளப்புற?" என்றான். இன்னொருவன் சிரித்தான். அப்புறம் அவனே என் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். "ஏழுமலைய போல கைராசிக்காரன் இந்தக் கரையில கெடயாது. நான் சொன்னது பொய்யி. இனிமே எவன் வண்டியாவது சூடாச்சின்னா அவர்கிட்ட காட்டுங்க" என்று முடித்தேன். பிறகு வரிசையில் கடைசியாக நின்ற வண்டிக்காரர் ஒன்றும் பேசாமல் போய்த் தன் பானெட்டைத் திறந்துவைத்தார். ஏழுமலை சாக்கைப் பிரித்து ஊது விளக்கை வெளியே எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி குப்பத்துக்கு வந்துவிட்டது. அம்மா பழைய வலையில் காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "ஸ்டாண்டுல சொன்னியாமே" என்றாள். ஆமாம் என்றேன். அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து, அவள் சுமந்த குடத்தை நான் என்ன செய்தேன் என்று அவளிடமும் சொல்ல ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்கவிடவில்லை.

"எனக்குத் தெரியாதா? உப்புத் தண்ணியில தொடச்ச வண்டி வெள்ள பூத்துக்கும். உன் வண்டி பளபளன்னு நிக்கிது. வண்டிக்கு உள்ள ஊத்துன தண்ணி வெளிய எப்பிடி பளபளக்கும்?"

"எப்பத்திலருந்து தெரியும்?"

"மொதல் வருசத்திலருந்து."

"தெரிஞ்சும் ஏன்டி தெனம் சொமந்த? ஒரு மைலு?"

அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள், "ஒரு நாளாவது உள்ள ஊத்துவன்னுதான்."

சேகர், பன்னிரண்டு வருஷம் அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே ஒரு நாள், நீ போகிற நாளன்று மட்டும், உள்ளே ஊற்று என்றாள். அவள் கேட்காததை எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். குடும்பம் நடத்தப் போகிற உனக்கு நான் சொல்ல வேறு புத்திமதி இல்லை, இது ஒன்றுதான். திருக்கழுக்குன்றத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வரப்போகிறாய். அவள் உன்னிடம் சண்டை போட்டால் பயப்படாதே, முள் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது, நிறுத்தி ஆறவைக்கலாம். சண்டை போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று ஒன்றுமே கேட்காமல் போனால், ஜில்லென்று ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டுவிடாதே. இறங்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார். பக்கத்தில் இருக்கிறவர்கள் வாசனை வருகிறது என்று சொன்னால், ஓட்டுகிறவன் நானா நீயா என்று கேட்காதே. உன் பிள்ளை சொன்னாலும் கேள். நான் கேட்கவில்லை. நீ இன்று பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டியவன், பஸ்ஸில் நிற்கிறாய். நீ அந்த வேலையை மதிப்பாகத்தான் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது நீ கேட்ட வேலை இல்லை, நான் கொண்டுபோய்த் தள்ளிய வேலை. அதை நான் திருப்பித் தர முடியாது.

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். ஏழுமலை ரேடியேட்டரைச் சுத்தம் செய்து கட்டிக் கொடுத்துவிட்டார். மூடி புதுசு. பாட்டிலை மட்டும் பழையதையே வைத்திருக்கிறார், சிவப்புக் கோட்டோடு. ஆனால் எஞ்சினுக்குள் ஒட்டியிருக்கிற உப்பு ஒரு நாளில் போகாது, கல்யாணம் வரைக்கும் தினமும் காலையில் இருக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு ஒரு குடம் நல்ல தண்ணீர் நிரப்ப வேண்டும், நாக்கில் வைத்தால் சப்பென்று இருக்கிற வரைக்கும் விடாதே என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது நடை இன்றைக்கு நான் நடந்தேன். சவுக்குத் தோப்புக் கிணற்றில் பெண்கள் வரிசை, நடுவில் நான் குடத்தோடு. "இன்னாண்ணா, வூட்ல வேல குடுத்துட்டாங்களா?" என்று ஒரே சிரிப்பு. குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தலையில் வைத்து, பாதி முதுகில் வழிந்தது. மணலில் அந்த ஒரு மைல் எவ்வளவு தூரம் என்று இந்த வயசில்தான் தெரிந்துகொண்டேன். நாளைக்கும் போவேன். கல்யாணத்து முதல் நாள் வரைக்கும் ஒரு நாள் தவறாது.

பஸ்ஸை ரத்து செய்யாதே. ஜனம் அதில் வரட்டும். அன்று காலையில் நீ எழுந்ததும், வண்டி பனியில் நனைந்து ஜில்லென்று நிற்கும்போது, பானெட்டைத் திறந்துவைக்கிறேன். நீயே மூடியைத் திறந்து, விரலை விட்டுப் பார், நாக்கிலும் வைத்துப் பார். பாட்டிலை நம்பாதே, முள்ளை நம்பாதே, நான் சொல்வதையும் நம்பாதே. பார்த்துவிட்டு உனக்கு மனசு வந்தால் மாலையோடு முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார். வழியில் நீ நிறுத்து என்றால் நிறுத்துகிறேன், எத்தனை தடவை சொன்னாலும். மனசு வரவில்லையென்றால் பஸ்ஸில் ஏறு. நானும் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு உன் பின்னால் ஏறிக்கொள்கிறேன். முகம் சுளிக்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். குடம் முழுக்க உள்ளே போய்விடுகிறது. மேலே துடைப்பதற்குக் குப்பத்துக் கிணற்றுத் தண்ணீர்தான். அதனால் மாப்பிள்ளை வண்டி அன்றைக்குப் பளபளக்காது. கறுப்புப் பெயிண்ட் முழுக்க வெள்ளை பூத்து நிற்கும். இதுவா மாப்பிள்ளை வண்டி என்று திருக்கழுக்குன்றத்தில் சம்பந்தி வீட்டார் கேட்பார்கள். கேட்கட்டும். உனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் நைனா